சீனித்தாய் எழுதிய விருந்தாளிகள்

சாத்தூர் பஞ்சுப்பேட்டைத் தெருவில் கல்யாணமே இல்லாமல் கல்யாணப் பந்தி நடந்த கதையை அந்தத் தெருக்காரர்களிடம் கேட்டால், ஆமா நடந்துச்சு, அதுக்கென்ன இப்ப என்பார்கள். என்றுவிட்டு, கூட்டில் தேங்காய் கொஞ்சம் தூக்கல் என்று ஒரு குறையும் சொல்வார்கள், உட்கார்ந்து தின்ற வாய்க்கு எப்போதும் அந்தப் பழக்கம் உண்டு. நின்று பரிமாறின கையைப் பற்றி மட்டும் யாரும் பேச்செடுக்கமாட்டார்கள். அந்தக் கை சீனித்தாயுடையது.

சீனித்தாய் கல்யாண வீடுகளுக்குச் சமைக்கப் போகிறவள். மாஸ்டர் இருளப்பன் என்றால் கோவில்பட்டி வரைக்கும் பெயர். அந்தப் பெயருக்கு அடியில் வெந்த சோறும் கொதித்த குழம்பும் பாதிக்கு மேல் இவளுடைய பக்குவம், அது இருளப்பனுக்கும் தெரியும், வாயைத் திறந்து சொல்ல மட்டும் அவருக்கு மனசு வராது. அது போகட்டும் என்று அவள் விட்டுவிட்டாள். அவளால் விட முடியாதது வேறு. நல்ல நாள் என்று ஒன்று இருக்கிறதே, அது ஊருக்கெல்லாம் சேர்த்து ஒரே நாளில்தான் வந்து தொலைக்கிறது. எவன் வீட்டிலோ கல்யாணம் என்ற நாளில்தான் அவள் மகள் நாகஜோதிக்குக் காது குத்தினார்கள்; பெற்றவள் அப்போது சிவகாசி மண்டபம் ஒன்றில் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள். மகள் பெரியவளாகி அத்தைமார் கூடித் தலைக்குத் தண்ணீர் ஊற்றியபோதும் அப்படித்தான், இவள் விருதுநகரில் எவளோ ஒருத்தியின் வளைகாப்புக்குப் புளியோதரை கிளறிக்கொண்டிருந்தாள். ஊரார் வீட்டு நல்லதுக்கெல்லாம் இருந்தவள், தன் வீட்டு நல்லது ஒன்றைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை.

அந்த நாகஜோதிக்கு ஆவணியில் கல்யாணம் என்று நிச்சயமானது. நிச்சயத் தட்டு மாற்றிய அன்று சாயங்காலம் மகள் அடுப்படிக்கு வந்து தாயின் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தாள்.

"அம்மா, தாலி கட்டும்போது நான் நிமிர்ந்து பாத்தா நீ எதிர்ல இருக்கணும். பட்டுச்சேலை கட்டி, முன் வரிசையில. அன்னைக்கும் பின்கட்டுல நின்னேன்னா நான் ஒன்ன மன்னிக்கமாட்டேன்."

சீனித்தாய் மகளின் தலையைத் தடவினாள். இருப்பேன்டி என்றாள். சொல்லிவிட்டாளே தவிர எப்படி இருப்பது என்று தெரியவில்லை, ஆவணி முழுக்க இருளப்பன் கை நிறைய வேலை பிடித்து வைத்திருந்தார். அவள் புருஷன் சங்கிலி, அண்டா குண்டா ஏற்றுகிற வேன் ஓட்டுகிறவன், நாலு வார்த்தை பேசினால் அதிகம். அவன்தான் யோசித்துச் சொன்னான்: கம்பெனி வைத்தவன் முன்னால் உட்காருகிறான், கரண்டி பிடித்தவன் பின்னால் நிற்கிறான், நீயும் ஒரு கம்பெனியை வை, நாலு பேரைக் கரண்டி பிடிக்க விட்டுவிட்டு முன்னால் போய் உட்காரு என்று. பொட்டில் அறைந்த மாதிரி இருந்தது அவளுக்கு. மறுநாளே கடன் கேட்டு வங்கிக்குப் போனாள்.

வங்கி மேனேஜர் ஜோவிட்டா நாகர்கோவில் பக்கத்துப் பெண், வயது குறைவுதான், மரியாதை தெரிந்தவள். உட்காருங்கக்கா என்று நாற்காலி காட்டி, கேட்டரிங் கம்பெனி என்றால் முதலில் தொழில் திட்டம் என்று ஒன்று எழுதித் தர வேண்டும், மேலிடத்தில் அதைத்தான் படிப்பார்கள் என்று சொல்லி, கேள்விகள் அச்சடித்த தாள்களைக் கொடுத்தாள். எதையும் மொட்டையாக எழுதாதீர்கள், படிக்கிறவர் கண்ணுக்கு முன்னால் ஆள் வந்து நிற்க வேண்டும் என்றும் சொன்னாள். பாவம், நல்லதுக்குத்தான் சொன்னாள்.

சீனித்தாய் எட்டாம் வகுப்பு வரை படித்தவள், எழுத்து முத்து முத்தாக இருக்கும். கேஸ் சிலிண்டரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, மடியில் அரிசிச் சுளகைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் தாளை வைத்து எழுதினாள். உங்கள் வாடிக்கையாளர் யார், விரிவாக எழுதவும் என்று ஒரு கேள்வி. வாடிக்கையாளர் என்றால் காசு கொடுக்கிறவர் என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும். அடுப்படியிலேயே ஆயுசைக் கழித்தவளுக்கு எங்கே தெரியும்? அவளைப் பொறுத்தவரை இலையில் உட்காருகிறவர்தான் எல்லாம். கல்யாணத்தை நடத்தி, கணக்கு முடித்து, பணம் கொடுக்கிற பெரிய மனுஷனை அவள் இருளப்பனின் தோளுக்குப் பின்னால் முதுகாகத்தான் பார்த்திருக்கிறாள். ஆகவே இலையில் உட்காருகிறவர்களை எழுதினாள். ரசத்தை உள்ளங்கையில் வாங்கி உறிஞ்சிவிட்டு, கையைத் துடைக்காமலே இன்னொரு தரம் நீட்டுகிற நரைமீசைக்காரரை எழுதினாள். பேத்திக்கென்று லட்டைக் கைப்பைக்குள் போடும்போது யாரும் பார்க்கிறார்களா என்று சுற்றிலும் பார்க்கிற பொம்பளையை எழுதினாள். உப்பு இல்லை உப்பு இல்லை என்று சொல்லிக்கொண்டே மூன்று தரம் சோறு வாங்குகிற மாப்பிள்ளை வீட்டுத் தாய்மாமனை, புதுச்சேலையில் பாயசம் சிந்திவிடுமோ என்று பயந்து பயந்து சாப்பிடுகிற சின்னப் பெண்ணை, பல் போனதால் வடையைச் சாம்பாரில் ஊறவைத்துக் காத்திருக்கிற கிழவரை, இப்படி எழுத எழுத அவளுக்குக் கண் கலங்கியது, இத்தனை பேர் மேல் இத்தனை பிரியம் தன்னிடம் இருந்தது அவளுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. வேலை இல்லாத மாதம் உண்டா என்ற கேள்விக்கு, எல்லா மாதமும் வேலை என்று வீறாப்பாக எழுதினாள். வருஷத்துக்கு வருஷம் எப்படி வளரும் என்று கேட்டிருந்தது. நூறு பேருக்கு என்றால் ஒரு படி அதிகம் சேர்த்து வடிக்கிற கை அல்லவா, மாதா மாதம் ஒரு வரிசை கூடும் என்று தாராளமாகப் போட்டாள். அவர்களை அழைக்கிறவர் யார் என்று அவள் எழுதவில்லை. அவர்கள் எப்போது எழுந்து போவார்கள் என்றும் எழுதவில்லை, அந்தத் தாளில் அப்படி ஒரு கேள்வியும் இல்லை.

திட்டத்தைக் கொண்டுபோய்க் கொடுத்த மறுநாள், அஷ்டமி, எவனும் நல்ல காரியம் வைக்காத நாள், உச்சி வெயிலில் அவர்கள் வந்தார்கள். பேருந்து நிலையத்துப் பக்கமிருந்து பட்டு வேட்டியும் பட்டுச்சேலையுமாக, தலை நிறையப் பூவும் கையில் மொய்க் கவருமாகப் பேசிச் சிரித்துக்கொண்டே வந்து, சீனித்தாய் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றி, தெருவின் இரண்டு பக்கமும் நீளமாக எதிரெதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். நரைமீசைக்காரர் முதல் ஆளாக உட்கார்ந்து, தனக்கு முன்னால் இருந்த மண்ணைத் துண்டால் தட்டி இலைக்கு இடம் பண்ணினார். யார் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தீர்கள் என்று எதிர்வீட்டுத் தையல்காரர் ஜெபமணி கேட்டதற்கு, கல்யாணத்துக்கு வந்தோம் என்று மட்டும் சொன்னார்கள். பெண் வீடா மாப்பிள்ளை வீடா என்றதற்கு, ரெண்டு பக்கமும் உண்டு என்றார்கள். சீனித்தாய் வாசலில் வந்து பார்த்தாள். வேறொருத்தியாக இருந்தால் ஐயோ என்று தலையில் கை வைத்திருப்பாள். உட்கார்ந்திருக்கிறவர்களைப் பார்த்ததும் இவளுக்கு வந்த முதல் யோசனை, அரிசி ஊறப்போடவில்லையே என்பதுதான்.

தெரு ஒன்றும் திகைத்துவிடவில்லை. விருந்தும் மருந்தும் மூணு நாள், நாலாம் நாள் யாரும் வரமாட்டார்கள் என்று ஜெபமணி கணக்குச் சொன்னார். நாலாம் நாள் ஒருத்தர் குறையாமல் வந்தார்கள். ஒரு மாதம் போனதும் ஒரு வரிசை கூடிற்று. சரி, இனி இப்படித்தான் என்று தெரு தன்னைத் திருத்திக்கொண்டது. பள்ளிக்கூட வேன் மத்தியானத்தில் சுற்றுப்பாதையில் போனது. வீட்டு வாசல்களில் கோலத்தை ஓரமாகத் தள்ளிப் போட்டார்கள், உட்காருகிறவர்கள் பட்டில் மாவு ஒட்டக்கூடாது என்று. பூக்காரி ஒருத்தி முக்கில் கூடை வைத்தாள், கை கழுவக் குழாய் போட்டுத் தருவேன் என்று வார்டு மெம்பர் வாக்குக் கொடுத்து, அதிசயமாக, போட்டும் கொடுத்தார். அதற்குப் பிறகு எவளோ ஒருத்தி, முப்பது தாண்டியும் வரன் அமையாத மகனை அழைத்து வந்து அந்தப் பந்தியில் உட்கார வைத்தாள், பதினைந்தே நாளில் அவனுக்குப் பெண் அமைந்தது, அவ்வளவுதான், நாலா திசையிலிருந்தும் அரிசி மூட்டை வந்து இறங்க ஆரம்பித்தது. கல்யாண வேண்டுதல் என்று பெயரே வைத்துவிட்டார்கள். ஒரு பருப்பு மூட்டைக்கு ஒரு வரன் என்று கேலி பேசினவர்களும் மூட்டையோடுதான் வந்தார்கள். தெருக்காரர்களும் மத்தியானம் வீட்டில் உலை வைப்பதை விட்டு, பந்தியின் கடைசியில் ஒட்டிக்கொண்டார்கள். சாமானுக்குக் குறைவில்லை, கைக்கும் குறைவில்லை, நறுக்கவும் பரிமாறவும் ஊரே நின்றது. அடுப்படி மட்டும் சீனித்தாயோடு நின்றுபோனது. ஒரு நாள் அவளுக்குக் காய்ச்சல் என்று இருளப்பனே பெரிய மனசு பண்ணி வந்து சமைத்தார். விருந்தாளிகள் இலையைப் பார்த்தார்கள், ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள், ஒரு பருக்கை தொடவில்லை, கோபிக்கவும் இல்லை, அவள் எழுந்து வரட்டும் என்று பொழுது சாய்கிற வரைக்கும் கையைக் கட்டி உட்கார்ந்திருந்தார்கள். காய்ச்சலோடு அவள் எழுந்து வந்தாள். வராமல் என்ன செய்வாள்? இலையில் உட்கார்ந்தவர்களைப் பசியோடு எழுப்புவது பெத்த பிள்ளையைத் தள்ளிவிடுகிற பாவம் என்று நம்புகிற ஜாதி அவள், சமையல்கார ஜாதி.

ஜோவிட்டா வந்து பார்த்தாள். பார்த்ததோடு நிற்காமல் உட்கார்ந்து சாப்பிட்டாள், மோர்மிளகாய் கேட்டு வாங்கினாள். சாப்பிட்டுவிட்டு, தேவை இருப்பது தெரிகிறதக்கா, காசு கொடுக்கிற ஆள் எங்கே, அதை எழுதாமல் விட்டுவிட்டீர்களே என்று அப்போதுதான் விளக்கினாள். கொடுத்த திட்டத்தைத் திரும்ப வாங்க வழி இல்லை, திருத்தி எழுதிச் சேர்க்கலாம் என்றாள். சீனித்தாய் அன்றே உட்கார்ந்தாள். பந்திக்குக் காசு கொடுக்கிற ஒருத்தர் வந்துவிட்டால் அவர் பார்த்துக்கொள்வார், தான் எழுந்து போகலாம் அல்லவா? நல்ல மனசுள்ள ஒரு பெரிய மனுஷர், பேசிய பணத்தைக் குறைக்காமல் கொடுப்பார், போகும்போது அடுப்படிக்கு வந்து சமையல் நன்றாக இருந்தது என்று சொல்வார் என்று எழுதினாள். யாரும் வரவில்லை. நிறம், உயரம், மூக்குக்கண்ணாடி எல்லாம் சேர்த்து எழுதிப் பார்த்தாள். அப்படி ஒருத்தரை அவள் வாழ்க்கையில் கண்டதே இல்லை, பிறகு எங்கிருந்து வருவார்? ஆத்திரத்தில் தன்னிடமிருந்த முதல் திட்டத்தின் நகலைக் கசக்கி எறிந்தாள். மறுநாள் அவர்கள் வந்தபோது எல்லாருடைய பட்டும் கசங்கியிருந்தது, ராத்திரி முழுக்க நின்றுகொண்டே பஸ்ஸில் வந்தவர்கள் மாதிரி இருந்தார்கள். அவளுக்கு மனசு கேட்கவில்லை. தாளை எடுத்து நீவித் தலையணைக்கு அடியில் வைத்தாள்.

ஆடியில் கல்யாணம் கிடையாது, அப்போதாவது ஓய்வார்கள் என்று சங்கிலி நம்பினான். ஆடிக்காற்றில் இலை பறக்காமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு சாப்பிட்டார்கள். அடுத்த வரிசை தெருமுனை திரும்பி, பக்கத்துத் தெருவுக்குள் போயிற்று. சீனித்தாய்க்குத் தூக்கம் போனது. விடியும்போதே அடுப்பு, அது அணையும்போது மறுநாளைக்கு மசாலா அரைப்பு. வாசல் வழியாகத் தெரிகிற அளவுதான் அவளுக்கு வானம். என்னையப் பூட்டிப்போட்டுட்டாங்களே என்று ஒருநாள் சங்கிலியிடம் அழுதாள். பூட்டினவர் யார் என்று தேடினால் ஒருத்தரும் இல்லை, ஒவ்வொருத்தரும் அவளைக் கண்டால் கைகூப்பினார்கள், மகராசி நல்லாயிருக்கணும் என்றார்கள், அன்னபூரணி என்றார்கள். கும்பிடுகிற கையை எப்படித் தட்டிவிடுவது?

ஆவணி வந்தது. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற மண்டபத்தில் கல்யாணம், சமையல் இருளப்பன். முகூர்த்தமும் அந்த விருந்தாளிகள் பந்தியில் உட்காருகிற வேளையும் ஒன்றாகவே வந்து விழுந்தது, வேறெப்படி விழும்? முந்தின நாள் தெருக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து, கல்யாணம் நல்லபடி நடக்கட்டும் என்று வாழ்த்திவிட்டு, கடைசியில் மெதுவாக, நாளைக்குச் சோறு உண்டில்லையா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். குழம்பையாவது கூட்டி வைத்துவிட்டுப் போயேன், இறக்குவதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று ஜெபமணி வழி சொன்னார். எல்லாருக்கும் அவள் தலையை ஆட்டினாள். நாகஜோதி மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. மண்டபத்துக்குக் கிளம்பும்போது தாயின் கையைப் பிடித்துப் பார்த்தாள், அதில் புதுத் தீக்கொப்புளம் ஒன்று இருந்தது, அதன் மேல் ஊதிவிட்டு வண்டியில் ஏறினாள்.

காலையில் சீனித்தாய் அடுப்பு மூட்டவில்லை. குளித்து, அரக்கு நிறப் பட்டை எடுத்துக் கட்டினாள், எத்தனையோ வருஷமாக மடிப்புக் கலையாமல் இருந்த சேலை. தெருவுக்குள் வர இடமில்லாமல் சங்கிலி மெயின் ரோட்டில் வேனோடு நின்றான். அவள் கதவைத் திறந்தபோது அவர்கள் வந்து உட்கார்ந்தாகிவிட்டது. யாரோ பழக்கதோஷத்தில் இலையும் போட்டிருந்தார்கள். இரண்டு பக்கமும், முனை திரும்புகிற வரைக்கும், தண்ணீர் தெளித்துத் துடைத்த இலைகள், அவற்றுக்குப் பின்னால் அந்த முகங்கள், அவளே எழுதிய முகங்கள்.  திரும்பி அடுப்படியைப் பார்த்தாள். ஒரு தீக்குச்சி போதும், உலை கொதித்துவிடும், கையும் தானாகவே சேலையை இழுத்துச் செருகப் போய்விட்டது. இந்தக் கல்யாணத்தையும் விட்டால் எனக்கென்று என்ன இருக்கிறது என்று வாய்விட்டே சொன்னாள். சொல்லிவிட்டு நடுவில் இறங்கி நடந்தாள். அவர்கள் தடுக்கவில்லை, முழங்காலை மடக்கி அவளுக்கு வழி விட்டார்கள், அதுதான் அவளை அறுத்தது. பெரிதாகத் திட்டியிருந்தால்கூடத் தெம்பாக நடந்திருப்பாள்.

நரைமீசைக்காரர் நிமிர்ந்து அவள் சேலையைப் பார்த்தார்.

"விசேஷமாம்மா?" என்றார்.

"எம் மகளுக்குக் கல்யாணம்."

"நல்லது, போய்ட்டு வாங்க" என்றார் அவர்.

மண்டபத்தில் முன் வரிசையில் அவளுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். இத்தனை கல்யாணத்துக்குச் சமைத்தவளுக்கு ஒரு கல்யாணம் முன்பக்கத்திலிருந்து எப்படி இருக்கும் என்று தெரியாது. மேளம் இவ்வளவு பக்கத்தில் அதிரும் என்றும், மணவறைப் புகை கண்ணைக் கரித்தால் சுகமாக இருக்கும் என்றும் தெரியாது. கெட்டிமேளம் என்று குரல் எழுந்ததும் நாகஜோதி நிமிர்ந்து பார்த்தாள். எதிரே அம்மா இருந்தாள். பெண் குனிய மறந்துவிட்டாள், அவள் கழுத்தை யாரோ குனியவைத்துத் தாலி ஏற வேண்டியதாயிற்று. சீனித்தாய் அட்சதையைப் போட்டுவிட்டு, பட்டு முந்தானையில் மூக்கைச் சிந்தி அழுதாள். ஊர் பார்க்கிறதே என்ற கூச்சம் அவளுக்கு இல்லை.

பிறகு பெண்ணைப் பெற்றவள் முதல் பந்தியில் உட்கார வேண்டும் என்று சம்பந்தி வீட்டார் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். நீள மேசை, அதன் மேல் தாள் விரித்து இலை, பிளாஸ்டிக் நாற்காலி. இருளப்பனின் ஆட்கள் அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே உப்பும் ஊறுகாயும் வைத்தார்கள், கூட்டு வைத்தார்கள், சோறு வைத்துப் பருப்பும் நெய்யும் விட்டார்கள். ஆறிப்போனதைப் பாத்திரத்தின் அடியிலிருந்து வழித்துச் சாப்பிட்டே பழகியவள், ஆவி பறக்கிற சோற்றில் விரல் சுடுவதைக் கொஞ்ச நேரம் அனுபவித்தாள். முதல் கவளத்தை எடுத்து வாய்க்குக் கொண்டுபோகும்போது நாற்காலியின் முதுகில் யாரோ கை வைத்தது தெரிந்தது. கல்யாண மண்டபங்களில் தெரியாததா, இடம் கிடைக்காதவர்கள் சாப்பிடுகிறவரின் நாற்காலிக்குப் பின்னால் வந்து பிடித்துக்கொண்டு நிற்பார்கள், எழுந்ததும் உட்காருவதற்கு. அவள் திரும்பிப் பார்த்தாள். நரைமீசைக்காரர் நின்றார். அவருக்குப் பின்னால் லட்டுக்காரப் பொம்பளை, அவளுக்குப் பின்னால் தாய்மாமன், சின்னப் பெண், பல் போன கிழவர், அப்படியே வரிசை வரிசையாக, சாப்பாட்டு ஹாலின் வாசலைத் தாண்டி, படி இறங்கி, ரோடு வரைக்கும். அந்த மேசையில் எத்தனையோ நாற்காலிகள் இருந்தன. வேறு எந்த நாற்காலிக்குப் பின்னாலும் ஒருத்தரும் நிற்கவில்லை.

"நீங்க மெதுவா சாப்பிடுங்கம்மா" என்றார் அவர் பணிவாக. "எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்ல."

சீனித்தாய் இலைக்குத் திரும்பினாள். கவளத்தை வாயில் போட்டு நிதானமாக மென்றாள். பருப்புச் சோறு முடிந்தது, சாம்பார்ச் சோறு முடிந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் பாயசம் குடித்து இலையை மடித்து எழுந்தார்கள். வயிறு நிறைந்துவிட்டது அவளுக்கு, தொண்டை வரைக்கும் நிறைந்துவிட்டது. சோற்றுக் கூடையோடு கடந்து போனவனை அவள் கைதட்டிக் கூப்பிட்டு, இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னாள்.